பழைய ஃபிளாட்டுக்கு 9 சதவீதம், புதியதற்கு 7: பத்திரச் செலவு நியாயமா?

கேள்வி: ஐயா, அம்பத்தூரில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். கொரட்டூரில் 14 வருடப் பழைய ஃபிளாட் ஒன்றை 62 லட்சத்துக்குப் பேசி முடித்து, டோக்கன் அட்வான்ஸும் கொடுத்துவிட்டேன். பத்திரச் செலவு 9 சதவீதம் என்கிறார்கள். என்னோடு வேலை செய்பவர் அதே விலைக்குப் புது ஃபிளாட் வாங்கினார். அவருக்கு 7 சதவீதம்தான். வழிகாட்டி மதிப்புப்படி கணக்குப் போட்டால் என் ஃபிளாட் 44 லட்சம்தான் வருகிறதாம். அந்தத் தொகைக்குப் பத்திரம் போட்டுக்கொண்டு மீதி 18 லட்சத்தை ரொக்கமாகக் கொடுங்கள் என்கிறார் விற்பவர். புரோக்கரோ, "இப்போதைக்குப் பவர் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், அடுத்த பட்ஜெட்டில் கட்டணம் குறைந்ததும் கிரயம் செய்துகொள்ளலாம்" என்கிறார். மனைவி பெயரில் பதிந்தால் குறையுமாமே? வாழ்நாளில் ஒரே ஒரு வீடு வாங்குகிறவனிடம் இவ்வளவு வரி வாங்குவது சரியா? இதை மாற்றவே மாட்டார்களா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு, வணக்கம்.

உங்கள் கடிதத்தின் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மாற்றத்தான் வேண்டும். ஆனால் நீங்கள் நினைக்கும் காரணத்துக்காக அல்ல. புது ஃபிளாட்டுக்கு 7, பழையதற்கு 9 என்பது கண்ணை உறுத்தும் வித்தியாசம். அதைவிடப் பெரிய அநீதி ஒன்று உங்கள் கடிதத்திலேயே, விற்பவர் சொன்ன அந்த 44 லட்சத்தில் இருக்கிறது.

முதலில் அந்த 9 சதவீதம் எப்படி வருகிறது என்று பாருங்கள். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2. அந்த ஏழிலும் 5 சதவீதம்தான் அசல் தீர்வை. மீதி 2 சதவீதம், சொத்து கைமாறுவதற்காக உள்ளாட்சி அமைப்புகளின் பெயரில் வசூலாகும் கூடுதல் வரி. இதை எந்தத் தொகைக்குக் கணக்கிடுவது? பத்திரத்தில் எழுதிய விலை, அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு, இரண்டில் எது அதிகமோ அதற்கு. உண்மை விலையை எழுதினால் உங்களுக்கு 62 லட்சத்தில் 9 சதவீதம், அதாவது 5.58 லட்சம். 44 லட்சம் என்று எழுதினால் 3.96 லட்சம். வித்தியாசம் 1.62 லட்சம். உண்மையைச் சொல்பவர் கூடக் கட்ட வேண்டும் என்பதுதான் இந்த அமைப்பின் விதி.

இப்போது ஒரு சார்பதிவாளர் அலுவலக வாசலில் நிற்கும் இரண்டு பேரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கையில் ரொக்கம் உள்ளவர். அவர் வழிகாட்டி மதிப்புக்குப் பத்திரம் போட்டுவிட்டுப் போய்விடுவார். இன்னொருவர் உங்களைப் போல வங்கிக் கடனை நம்பி வந்தவர். பத்திரத்தில் உள்ள விலையை வைத்துத்தான் வங்கி கடன் கொடுக்கும் என்பதால் உண்மை விலையை எழுதியே ஆக வேண்டும். ஆக, 9 சதவீதத்தை முழுத் தொகைக்கும் கட்டுகிறவர் மாதச் சம்பளக்காரர். காகிதத்தில் ஒரே விகிதம்தான். ரொக்கக்காரர் உண்மையில் கட்டுவது ஆறோ ஆறரையோ. வரியைச் சீர்திருத்த வேண்டும் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

"அப்படியானால் விகிதத்தைக் குறைத்துவிட்டால் போதுமே" என்று தோன்றும். தமிழ்நாட்டில் அதைச் செய்தும் பார்த்திருக்கிறார்கள். 2017-க்கு முன்பு தீர்வை 7, பதிவுக் கட்டணம் 1, மொத்தம் 8 சதவீதம். 2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தார்கள். அதே கையோடு பதிவுக் கட்டணத்தை 4 ஆக்கினார்கள். மொத்தம் 11. பிறகு 2023 ஏப்ரலில் வழிகாட்டி மதிப்பைப் பழைய நிலைக்கே ஏற்றிவிட்டு, பதிவுக் கட்டணத்தை 2 ஆகக் குறைத்தார்கள். மொத்தம் 9.

இதை ரூபாயில் போட்டுப் பாருங்கள். 2017-க்கு முன் வழிகாட்டி மதிப்பு 100 ரூபாயாக இருந்த சொத்துக்கு 8 ரூபாய் கட்டினீர்கள். 2017-ல் மதிப்பு 67 ஆனது. 11 சதவீதம் போட்டால் 7 ரூபாய் 37 காசு. 2023-ல் மதிப்பு மறுபடி 100. 9 சதவீதம் போட்டால் 9 ரூபாய். "பதிவுக் கட்டணம் பாதியாகக் குறைந்தது" என்று அறிவிப்பு வந்த அன்றுதான், வழிகாட்டி மதிப்புக்குப் பத்திரம் போடுகிறவருக்குச் சுமை 7.37-லிருந்து 9-க்கு ஏறியது. அந்த 2023 உயர்வு நீதிமன்றம் வரை போனது தனிக் கதை. உரிய நடைமுறையைப் பின்பற்றவில்லை, மக்களிடம் கருத்துக் கேட்கவில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வரைவு வெளியிட்டு, கருத்துக் கேட்டு, 2024 ஜூலை 1 முதல் புதிய மதிப்புகள் வந்தன.

ஆகவே பட்ஜெட் உரையில் சதவீதம் குறையும்போதெல்லாம், வழிகாட்டி மதிப்பு என்ன ஆனது என்று கூடவே பார்க்கப் பழகுங்கள். இரண்டும் தராசின் இரண்டு தட்டுகள். ஒன்றை மட்டும் பார்த்து எடை சொல்ல முடியாது.

இனி உங்கள் நண்பரின் 7 சதவீதத்துக்கு வருவோம். முன்பெல்லாம் புது ஃபிளாட் வாங்கும்போது நிலத்தில் உள்ள பிரிக்கப்படாத பங்குக்கு மட்டும், அதாவது யுடிஎஸ்ஸுக்கு மட்டும், கிரயப் பத்திரம் போடுவார்கள். கட்டடத்துக்குக் கட்டுமான ஒப்பந்தம் என்று ஒன்றைத் தனியே பதிவார்கள். அதற்குக் கட்டணம் குறைவு. 2023 டிசம்பரில் இது மாறியது. நிலமும் கட்டடமும் சேர்ந்த கூட்டு மதிப்புக்கு ஒரே பத்திரம் என்றாகிவிட்டது. முழு மதிப்புக்கும் 9 சதவீதம் என்றால் புது வீட்டுச் சந்தை படுத்துவிடும் என்பதால், 50 லட்சம் வரை 6, அதற்கு மேல் 3 கோடி வரை 7, அதற்கும் மேல் 9 என்று அடுக்கு வைத்தார்கள். இது முதல் விற்பனைக்கு மட்டும். கைமாறி வரும் பழைய ஃபிளாட்டுக்கு இந்தச் சலுகை இல்லை. கட்டுநர்களுக்குச் சங்கம் உண்டு, அமைச்சரைப் பார்த்துப் பேச ஆள் உண்டு. பழைய ஃபிளாட் வாங்குகிறவர்களுக்கு அப்படி யாரும் இல்லை.

ஆனால் நண்பரைப் பார்த்து முழுக்கப் பொறாமைப்படவும் வேண்டாம். அவர் வாங்கியது கட்டி முடிக்காத வீடாக இருந்திருந்தால் 5 சதவீதம் ஜிஎஸ்டியும் கட்டியிருப்பார். 62 லட்சத்துக்கு அது மட்டுமே 3.10 லட்சம். நிறைவுச் சான்று வந்த பிறகு வாங்கியிருந்தால் ஜிஎஸ்டி இல்லை. உங்கள் பழைய ஃபிளாட்டுக்கும் இல்லை. எதற்கும் அவரிடம் கேட்டுப் பாருங்கள்.

என்னைக் கேட்டால் எப்படி மாற்றலாம் என்று சொல்கிறேன். இது என் கருத்து. பதிவுத்துறையில் இருப்பவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

இந்த வரியை ஒழித்துவிடு என்று சொல்ல நான் தயாரில்லை. பதிவுத்துறை தமிழக அரசுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 20,000 கோடி ரூபாய் கொண்டுவருகிறது. ஜிஎஸ்டி வந்த பிறகு மாநிலம் தானாக விகிதம் நிர்ணயிக்கக்கூடிய வரிகள் மிகச் சில: மது, பெட்ரோல் டீசல், வாகனம், பத்திரம். இதில் ஒன்றை எடுத்தால் இன்னொன்றில் ஏற்றுவார்கள். ஆஸ்திரேலியாவின் கான்பரா நகரப் பகுதியில் 2012-ல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். வீடு வாங்கும்போது கட்டும் தீர்வையை 20 ஆண்டுகளில் சிறிது சிறிதாக நீக்கி, அந்த வருமானத்தை ஆண்டுதோறும் கட்டும் சொத்து வரியில் ஈடுகட்டுவது. பொருளாதாரப்படி அது சரியான பாதைதான். வேலை மாறி வேறு ஊருக்குப் போகிறவரும், பிள்ளைகள் வளர்ந்து பெரிய வீடு தேடுகிறவரும் ஒவ்வொரு தடவையும் தண்டம் கட்ட வேண்டியதில்லை. ஆனால் நம் ஊரில், சென்னையில் 1998-க்குப் பிறகு நிலைத்து நின்ற சொத்து வரி உயர்வு 2022-ல்தான் வந்தது. 25 முதல் 150 சதவீதம் வரை ஒரேயடியாக ஏறியதும் எழுந்த கூச்சல் உங்களுக்கே நினைவிருக்கும். இருபது ஆண்டுத் திட்டத்தை நாலைந்து ஆட்சிகள் மாறாமல் கொண்டுபோகும் என்று நம்பும் அளவுக்கு நான் அப்பாவி இல்லை. போதாக்குறைக்கு, நேற்றுத்தான் 5 லட்சம் பத்திரச் செலவு செய்தவர் நாளை ஆண்டு வரியையும் கூடுதலாகக் கட்ட நேரும். அவருக்கு என்ன பதில் சொல்வது?

செய்யக்கூடியவை வேறு உண்டு. வழிகாட்டி மதிப்பை ஐந்தாறு வருடம் உறங்கவிட்டு, பிறகு ஒரே நாளில் தூக்கி அடிப்பதை நிறுத்த வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் உண்மையில் பதிவான விலைகளை வைத்து, வெளியே சொல்லப்பட்ட ஒரு முறைப்படி, கொஞ்சம் கொஞ்சமாக மாற்றலாம். மதிப்பு சந்தை விலையை நெருங்க நெருங்க, அதே அளவுக்கு விகிதத்தை இறக்க வேண்டும். மதிப்பும் நிஜம், விகிதமும் 5 அல்லது 6 என்றால் அரசுக்குப் பெரிய நஷ்டம் வராது; ரொக்கக்காரரும் சம்பளக்காரரும் ஒரே அளவு கட்டுவார்கள். சில தெருக்களில் வழிகாட்டி மதிப்பு சந்தை விலையைவிட அதிகமாக இருக்கிறது, அங்கே வாங்குபவர் தான் கொடுக்காத விலைக்கு வரி கட்டுகிறார் என்பதும் இதில் சரியாகும்.

அடுத்து, குடியிருக்க வாங்கும் வீடு புதிதா பழையதா என்று பார்க்காமல் ஒரே அடுக்கில் வைக்க வேண்டும். நடுத்தரக் குடும்பம் நகரத்துக்குள் வாங்கக்கூடியது பெரும்பாலும் பழைய ஃபிளாட்தான். அதன் முதல் சொந்தக்காரர் 14 வருடத்துக்கு முன்பே தீர்வை கட்டிவிட்டார். அதே சுவருக்கு நீங்கள் மறுபடி கட்டுகிறீர்கள். ஜிஎஸ்டியில் முன்பு கட்டியதைக் கழித்துக்கொள்ள வியாபாரிக்கு வழி உண்டு, இங்கே அது கிடையாது.

அந்த அடுக்கிலும் ஒரு கோளாறு உண்டு. 50 லட்சத்துக்கு 6 சதவீதம், 3 லட்சம் ரூபாய். விலை 51 லட்சமானால் முழுத் தொகைக்கும் 7, அது 3.57 லட்சம். ஒரு லட்சம் விலை ஏறியதற்கு 57,000 ரூபாய் வரி! யாராக இருந்தாலும் 50 லட்சம் என்று எழுதிவிட்டு மீதியைக் கையில் கொடுக்கத்தான் பார்ப்பார். இங்கிலாந்திலும் இதே முறைதான் இருந்தது; 2014 டிசம்பரில் அதை மாற்றி, வருமான வரியைப் போல எல்லையைத் தாண்டிய பகுதிக்கு மட்டும் கூடுதல் விகிதம் என்றார்கள். இதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது.

2024 ஜூலையில் மத்திய பட்ஜெட் உரையிலும் தீர்வை அதிகமுள்ள மாநிலங்கள் குறைக்க வேண்டும், பெண்கள் வாங்கும் சொத்துக்கு இன்னும் குறைக்கலாம் என்று சொன்னார்கள். சொன்னதோடு சரி. தீர்வை மாநிலத்தின் கையில் இருக்கிறது. கேரளத்தில் இன்றும் தீர்வை 8-ம் பதிவுக் கட்டணம் 2-ம் சேர்ந்து 10. கர்நாடகத்தில் தீர்வை 5, ஆனால் 2025 ஆகஸ்ட் இறுதியில் பதிவுக் கட்டணத்தை 1-லிருந்து 2 ஆக்கிவிட்டார்கள்.

சரி, நாடு திருந்தும் வரை உங்கள் கொரட்டூர் ஃபிளாட் காத்திருக்காது.

44 லட்சத்துக்குப் பத்திரம் போடாதீர்கள். ஒழுக்கம் போதிக்க இதைச் சொல்லவில்லை, கணக்கே ஒத்துவரவில்லை. 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு வங்கி அதிகபட்சம் சொத்து மதிப்பில் 80 சதவீதம் தரலாம். 62 லட்சத்துக்கு அது 49.6 லட்சம். 44 லட்சத்துக்கு 35.2 லட்சம். பத்திரத்தில் 18 லட்சத்தைக் குறைத்ததால் உங்கள் கடன் 14.4 லட்சம் குறைகிறது. அந்தப் பணத்தை வேறெங்கே புரட்டுவீர்கள்? நாளை இந்த வீட்டை நீங்கள் விற்கும்போது, வாங்கிய விலை 44 லட்சம் என்றுதான் வருமான வரித்துறை எடுத்துக்கொள்ளும். கணக்கில் வராத 18 லட்சமும் உங்கள் லாபமாகும், இன்றுள்ள 12.5 சதவீத மூலதன ஆதாய வரிப்படி 2.25 லட்சம். இன்று மிச்சப்படுத்தும் 1.62 லட்சத்தைவிட அது அதிகம். விற்பவர் தன் வரியை உங்கள் தலையில் கட்டுகிறார், அவ்வளவுதான் இதில் நடப்பது.

ரொக்க விஷயம் இன்னும் மோசம். அசையாச் சொத்து பேரத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. வாங்கியவருக்கு அதே தொகை அபராதமாக விழும். கொடுத்தவர் பணம் எங்கிருந்து வந்தது என்று காட்ட வேண்டும். வழக்குகளில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கம் கொடுத்ததாகச் சொல்லப்பட்டால் வருமான வரித்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கீழ் நீதிமன்றங்களுக்கு உத்தரவிட்டிருக்கிறது. பேரம் முறிந்தால் அந்த 18 லட்சத்தைக் கேட்டு நீங்கள் எங்கே போவீர்கள்? கோர்ட்டுக்குப் போனால் முதல் கடிதம் உங்களைப் பற்றித்தான் போகும்.

பவர் யோசனை வேண்டவே வேண்டாம். பவர் பத்திரம் என்பது சொந்தக்காரர் சார்பில் செயல்பட உங்களுக்குத் தரும் அதிகாரம்தான்; அதனால் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. எழுதிக் கொடுத்தவர் இறந்துபோனாலோ, வேறொருவருக்குக் கிரயம் செய்துகொடுத்துவிட்டாலோ, உங்கள் கையில் இருப்பது வெறும் காகிதம். வங்கியும் அதற்குக் கடன் தராது. குடும்பத்தார் அல்லாதவருக்கு எழுதும் பவருக்கு 2023 ஜூலையிலிருந்து சந்தை மதிப்பில் 1 சதவீதம் கட்டணம் வேறு. குறையுமா குறையாதா என்று தெரியாத ஒரு கட்டணத்துக்காக அந்த 1 சதவீதத்தையும் கட்டிவிட்டுக் காத்திருப்பதா?

பட்ஜெட்டுக்காகக் காத்திருப்பதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. மகாராஷ்டிரத்தில் கொரோனா காலத்தில், 2020 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை, 5 சதவீதத்தை 2 ஆகக் குறைத்தார்கள். அடுத்த மூன்று மாதம் 3. பிறகு பழையபடி ஆகிவிட்டது. அப்படி ஒரு ஜன்னல் இங்கே திறந்து 2 சதவீதம் குறைந்தாலும் உங்களுக்கு மிச்சம் 1.24 லட்சம். விற்பவர் விலையை 2 சதவீதம் ஏற்றினால் அதுவும் போச்சு. கட்டணம் குறைந்த செய்தி உங்களுக்கு முன்பே அவர் காதுக்குப் போயிருக்கும்.

மனைவி பெயரில் பதிந்தால் குறையுமா? 2025 ஏப்ரலிலிருந்து பெண்கள் பெயரில் பதியும் சொத்துக்குப் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைப்பு உண்டு. ஆனால் 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்துக்குத்தான். உங்களுக்குப் பொருந்தாது. பொருந்தினாலும் அதிகபட்ச மிச்சம் 10,000 ரூபாய். டெல்லியில் ஆணைவிடப் பெண்ணுக்குத் தீர்வை குறைவு என்பதைப் போன்ற சலுகை இங்கே இல்லை. வேறு நல்ல காரணங்களுக்காக இருவர் பெயரிலும் பதியுங்கள், இதற்காக வேண்டாம்.

பேரம் பேச ஒரு பிடி உங்களிடம் இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள். விற்பவரிடம் சொல்லுங்கள்: "இதே 62 லட்சத்துக்குக் கட்டி முடித்த புது ஃபிளாட் எடுத்தால் எனக்கு 7 சதவீதம்தான். உங்கள் வீட்டை எடுப்பதால் 1.24 லட்சம் கூடக் கட்டுகிறேன். அதை விலையில் குறையுங்கள்." முழுதும் குறைக்க மாட்டார். பாதியாவது கேளுங்கள். ஏசி, கப்போர்டு, சோபா என்று கழற்றி எடுத்துப் போகக்கூடிய பொருள்களையும் சேர்த்து வாங்குகிறீர்கள் என்றால், அவற்றுக்கு நியாயமான விலையைத் தனியே எழுதி வங்கி மூலம் கொடுக்கலாம்; அதற்குத் தீர்வை கிடையாது. நியாயமான விலை என்றால் நியாயமான விலை. பழைய ஏசி ஒன்றுக்கு 6 லட்சம் போட்டால் யாரும் நம்ப மாட்டார்கள்.

கையிருப்பைச் சரிபாருங்கள். 10 லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளுக்கு முத்திரைத் தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் வங்கி சொத்து மதிப்பில் சேர்க்காது. ஆக, உங்கள் பங்கு 12.4 லட்சமும் பத்திரச் செலவு 5.58 லட்சமும் சேர்ந்து ஏறக்குறைய 18 லட்சம் சொந்தப் பணமாக வேண்டும். வங்கியின் செயலாக்கக் கட்டணம், கடனுக்காகப் பத்திரத்தை ஒப்படைக்கும் எம்ஓடி பதிவு, வக்கீல் கட்டணம் எல்லாம் இதற்கு மேல். பழைய கட்டடம் என்பதால் வங்கியின் மதிப்பீட்டாளர் 62-க்குக் கீழே மதிப்புப் போடவும் கூடும். அப்போது கடன் இன்னும் குறையும். மதிப்பீட்டு அறிக்கை வரும் வரை பெரிய அட்வான்ஸ் எதையும் கொடுக்காதீர்கள். பத்திரச் செலவுக்கென்று நகையை அடகு வைக்கிறவர்களை வாராவாரம் பார்க்கிறேன். முதல் மூன்று வருடம் வீட்டுக் கடன் தவணையோடு அந்த வட்டியும் சேர்ந்து கழுத்தை நெரிக்கும்.

பழைய முறைப்படி வருமான வரி கட்டுகிறவராக இருந்தால், பதிவு செய்யும் ஆண்டில் இந்தத் தீர்வையையும் கட்டணத்தையும் 1.5 லட்சம் உச்சவரம்புக்குள் கழிவாகக் காட்டலாம். புதிய முறையில் முடியாது. எந்த முறையானாலும் ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள்.

கடைசியாக, இந்த வாரமே செய்ய வேண்டியது. கிரய ஒப்பந்தத்தில் 62 லட்சம் என்றே எழுதச் சொல்லுங்கள். கொடுத்த டோக்கனையும் அதில் குறிப்பிடுங்கள். வழிகாட்டி மதிப்பைப் புரோக்கர் சொன்னதோடு விடாமல் பதிவுத்துறை இணையதளத்தில் தெருப் பெயர் போட்டு நீங்களே பாருங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் அன்றைய விகிதத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். விலை 50 லட்சத்தைத் தொட்டாலே வாங்குபவர் 1 சதவீதம் டிடிஎஸ், அதாவது விற்பவரின் வருமான வரிக்கான முன்பிடித்தம், பிடிக்க வேண்டும். உங்களுக்கு அது 62,000 ரூபாய். விற்பவருக்குத் தரும் தொகையிலிருந்து பிடித்து, அவர் பான் எண்ணில் கட்டி, சான்றைக் கொடுங்கள். விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் இந்த விதி பொருந்தாது, விகிதம் வேறு. ஒப்பந்தத்துக்கு முன்பே ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள். 62 லட்சத்துக்கு எழுத விற்பவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் டோக்கனைத் திருப்பிக் கேளுங்கள். கொரட்டூரில் ஃபிளாட்டுக்கா பஞ்சம்?

அன்புடன்,
உங்கள் சொத்து ஆவண வழக்கறிஞர்